வானேறிய கூந்தல்

சித்திரை, வைகாசித் திங்கள்களில், மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் இரவுகளில், ஒன்பது பத்து மணியளவில் தோட்டத்து வீட்டு முற்றத்திலே நின்று மேலே நோக்குவோமாயின், நமது முன்னோர் உத்திரம் என்றும் சுவாதி என்றும் பெயரிட்டழைத்த இரண்டு பெருமீன்களுக்கு இடையே, சற்று வடக்கே ஒதுங்கி, பொடிப்பொடியான மீன்கள் ஒரு கற்றையாய்ச் சிதறிக் கிடப்பதைக் காணலாம். நகரத்து விளக்கொளியில் அவை புலப்படா. தோட்டத்து இருளிலே புலப்படும்.

அம்மண்டலத்திற்கு வானநூலார் இட்ட பெயர் ‘பெரனிக்கேயின் கூந்தல்’ என்பதாம். இன்று உலக வானநூலார் ஒப்புக்கொண்டுள்ள 88 விண்மீன் மண்டலங்களுள், மெய்யாகவே பிறந்து வாழ்ந்து மறைந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது இஃது ஒன்றே. ஏனையவற்றுள் பெரும்பாலன விலங்கும், கருவியும், புராணக் கதையில் வரும் தெய்வமும் வீரருமேயாம்.

யார் இந்தப் பெரனிக்கே? ஆங்கிலப் பாடசாலையில் பயின்ற நாளில், எகிப்து நாட்டரசி என்றால் கிளியோபாத்ரா ஒருத்தியே என்று நாம் எண்ணியிருந்தோம். கி.மு. 30இல் மாண்ட அந்தக் கிளியோபாத்ராவுக்கு இரண்டு நூற்றாண்டு முன்னரே, அதே அலெக்சாந்திரியா நகரில், அதே அரச குடியில் பட்டத்தரசியாய் வீற்றிருந்தவள் பெரனிக்கே. தோட்டத்து ஆபீசில் செக்ரோலில் பெயர் பதிவது நமது தொழில். இன்னார் மகள், இன்னார் மனைவி என்று நாள்தோறும் எழுதுகின்றோம். ஆதலின் ஒரு பெண்ணின் பெயர் ஏட்டில் எவ்வாறு ஏறுகின்றது, எவ்வாறு மாறுகின்றது, எவ்வாறு மறைகின்றது என்பதில் நமக்குத் தனி நாட்டம் உண்டு. அந்நாட்டமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பிறந்த குடி

மாசிடோனியப் பேரரசன் அலெக்சாந்தர் கி.மு. 323இல் பாபிலோன் நகரில் இறந்தான். அவன் வென்ற நாடுகளை அவனுடைய படைத்தலைவர்கள் பங்கிட்டுக் கொண்டனர். எகிப்து தாலமிக்கு ஆயிற்று. ஆசியாவின் பெரும்பகுதி செலூக்கஸுக்கு ஆயிற்று. மாசிடோனியா நெடுங்குழப்பத்திற்குப் பின் அந்திகோனஸ் குடியினரைச் சேர்ந்தது. இம்மூன்று குடியினரும் ஒருவரோடொருவர் ஓயாது போர் புரிந்தனர். ஓயாது பெண் கொண்டும் கொடுத்தும் வந்தனர். உடன்படிக்கை எழுதுங்கால் ஒரு பெண்ணை அனுப்பி வைப்பர். உடன்படிக்கை முறியுங்கால் அப்பெண்ணின் கதி யாதாகும் என்பதை எவரும் அதில் எழுதி வைப்பதில்லை.

முதல் தாலமியின் மனைவியர் பலருள் ஒருத்தி, நம் அரசிக்குப் பாட்டியான மூத்த பெரனிக்கே. அவள் முதற் கணவனை இழந்து, மக்களோடு எகிப்து வந்து, பின்னர்த் தாலமியை மணந்தவள். அம்முதற் கணவனுக்குப் பிறந்த மாகஸ் என்பானை, இன்றைய லிபியா நாட்டில் உள்ள சைரீன் என்னும் கிரேக்க நகரை ஆளும்படி கி.மு. 300 அளவில் தாலமி அனுப்பினான். முதல் தாலமி இறந்து, மாகஸின் தம்பி முறையான இரண்டாம் தாலமி அரசேறிய பின்னர், மாகஸ் தன்னைச் சைரீனுக்கு மன்னன் என்று தானே கூறிக்கொண்டான். செலூக்கஸின் பேத்தி அபாமாவை மணந்தான். இவ்விருவருக்கும் ஏறத்தாழ கி.மு. 267இல் பிறந்தவளே நம் பெரனிக்கே.

இக்குடியினர் தமிழர்க்கு முற்றிலும் அயலார் அல்லர். அசோக மன்னனின் 13ஆம் பாறைச் சாசனத்தைப் படிப்போர், யவன மன்னர் ஐவரின் பெயர்களை அதில் காண்பர். அவற்றுள் ‘துரமாய’ என்றிருப்பது இரண்டாம் தாலமி; ‘மக’ என்றிருப்பது சைரீன் மன்னன் மாகஸ். அவ்வைவரையும் கூறிய உடனே அச்சாசனம் கூறுவது சோழரையும் பாண்டியரையும் ஆகும். பெரனிக்கேயின் தந்தையும் மாமனும் நம் சோழ பாண்டியரும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றனர். அன்றியும், இரண்டாம் தாலமி செங்கடற் கரையில் தன் தாயின் பெயரால் பெரனிக்கே என்றொரு துறைமுகத்தை நிறுவினான். பின்னாளில், உரோமர் ஆட்சியில், மிளகு வாணிகத்தால் அத்துறை செழித்தது. 1990களில் அங்கு அகழ்ந்து பார்த்தவர்கள், தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘கொற்றபூமான்’ என்னும் பெயர் கீறிய பானையோடு ஒன்றையும், ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு நிரம்பிய இந்தியச் சாடி ஒன்றையும் கண்டெடுத்தனர். பாட்டியின் பெயரிட்ட ஊரில் தமிழன் ஒருவன் தன் பெயரை எழுதி வைத்துச் சென்றிருக்கின்றான்.

மணப்பேச்சும் வாளும்

மாகஸ் முதுமை எய்தியபோது, எகிப்தோடு இருந்த பகையைத் தீர்த்துக்கொள்ள விரும்பி, தன் மகளை இரண்டாம் தாலமியின் மைந்தனுக்குக் கொடுப்பதாக உறுதி செய்தான். ஆனால் கி.மு. 250 அளவில் அவன் இறந்தான். தாய் அபாமாவோ எகிப்தின் பகைக்குடியிற் பிறந்தவள். மகள் எகிப்துக்குப் போனால் சைரீனும் உடன் போய்விடும் என்று அவள் கண்டாள். ஆகவே மணப்பேச்சை முறித்து, மாசிடோனிய மன்னனின் தம்பியும் ‘அழகன்’ என்று பெயர் பெற்றவனுமான டெமிட்ரியஸை வரவழைத்தாள்.

டெமிட்ரியஸ் வந்தான். தன் அழகின் செருக்கால் படைவீரரின் வெறுப்பை முதல் நாள் தொட்டே தேடிக்கொண்டான் என்று உரோமச் சரித்திராசிரியன் ஜஸ்டின் எழுதுகின்றான். அவன் மகளை மணக்க வந்து தாயின் மஞ்சத்தை நாடினான். ஒருநாள் இரவு படைவீரர்கள் வாளோடு அவ்வறையில் நுழைந்தனர். வாயிலில் நின்றவள் பெரனிக்கே. தாய்க்கு ஊறு செய்யற்க என்று அவள் கட்டளையிட்டாள். அபாமா தன் உடலையே கேடயமாக்கி அவனை மறைக்க முயன்றும் பயனில்லை, டெமிட்ரியஸ் மாண்டான், தாய் உயிர் பிழைத்தாள். அப்போது பெரனிக்கேக்கு இருபது வயது நிரம்பவில்லை.

கொலையை நாம் புகழவில்லை. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவன் தந்தை பார்த்த மணமகன். மற்றொருவன் தாய் பார்த்த மணமகன். இருவருள் எவனையும் அவள் தேடிக்கொண்டாளில்லை. அந்நாளில் வாயிற்படியில் நின்று ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கிருந்த ஒரே வழி வாள்தான் என்பது, அவளுடைய குற்றத்தைக் காட்டிலும் அக்காலத்தின் குற்றத்தையே நமக்கு உணர்த்துகின்றது.

ஏட்டில் மாறிய பெற்றோர்

கி.மு. 246இல் இரண்டாம் தாலமி இறக்க, அவன் மைந்தன் மூன்றாம் தாலமி அரசனானான். பெரனிக்கே அவனை மணந்து அலெக்சாந்திரியாவின் பட்டத்தரசியானாள். ஈண்டு ஒரு விந்தை நிகழ்ந்தது. இரண்டாம் தாலமி தன் உடன்பிறந்த தமக்கையான அர்சினோயேயை மணந்து, அவளும் தானும் ‘உடன்பிறந்த தெய்வங்கள்’ என்று வழிபாடு ஏற்படுத்தியவன். மூன்றாம் தாலமி அவளுக்குப் பிறந்தவன் அல்லன். அவன் தாய் வேறொரு அர்சினோயே. அவள் சதிக் குற்றம் சாட்டப்பட்டு மேல் எகிப்துக்கு ஓட்டப்பட்டவள். ஆயினும் அரசாங்க ஏடுகளில் அவன் அவ்வுடன்பிறந்த தெய்வங்களின் மகன் என்றே பதிவாயிற்று. பெரனிக்கேயும் அவ்வாறே. ‘அரசனின் உடன்பிறந்தாளும் மனைவியுமான பெரனிக்கே’ என்று கல்லிலும் தாளிலும் எழுதினர்.

மாகஸ் மகள் என்பது மறைந்தது. அபாமா மகள் என்பதும் மறைந்தது. ஓட்டப்பட்ட தாயின் பெயரும் மறைந்தது. எழுதுகோல் பிடித்த எவனோ ஒருவன், மேலிருந்து வந்த ஆணைப்படி, இரண்டு தாய்மாரை ஒரு வரியில் அழித்துவிட்டான். எழுத்தர் தொழிலில் இருக்கும் நமக்கு அவ்வரியைப் படிக்கும்போது கை சற்றே தயங்குகின்றது.

நேர்ந்த கூந்தல்

மணம் முடிந்த சில திங்களில் போர் மூண்டது. மூன்றாம் தாலமிக்கு உடன்பிறந்தாள் ஒருத்தி உண்டு. அவள் பெயரும் பெரனிக்கேயே. அவளை இரண்டாம் தாலமி கி.மு. 252இல் செலூக்கஸ் குடியின் இரண்டாம் அந்தியோக்கஸுக்கு மணஞ்செய்து கொடுத்தான். அந்தியோக்கஸுக்கு லவோதிக்கே என்னும் மனைவியும் மக்களும் முன்னரே இருந்தனர். அவர்களை ஒதுக்கிவிட்டே இம்மணம் நடந்தது. எகிப்திலிருந்து சென்ற செல்வத்தின் மிகுதியால் மணமகளைச் ‘சீதனம் சுமந்து வந்தவள்’ என்றே உலகம் அழைத்தது. மகள் வேற்றுநீர் பருகலாகாதென்று, தந்தை நைல் நதியின் தண்ணீரைச் சிரியாவுக்கு அனுப்பி வந்தான் என்றும் ஒரு செய்தி உண்டு. அத்தனை செல்வமும் அத்தனை தண்ணீரும் அவளைக் காக்கவில்லை. கி.மு. 246இல் அந்தியோக்கஸ் இறந்தவுடன், லவோதிக்கேயின் ஆட்கள் அவளையும் அவள் கைக்குழந்தையையும் கொன்றனர்.

அவளுக்காகவே மூன்றாம் தாலமி சிரியாவின் மேல் படையெடுத்தான். புதுமணப் பெண்ணாகிய பெரனிக்கே, கணவன் நலமே மீண்டால் தன் கூந்தற் கற்றையைக் காணிக்கை செலுத்துவதாக நேர்ந்துகொண்டாள். அவன் பெருங்கொள்ளையோடு மீண்டான். அவளும் கற்றையை அரிந்து, அலெக்சாந்திரியாவுக்கு அண்மையில் செபிரியம் முனையில் இருந்த கோயிலில் வைத்தாள். மறுநாள் அது காணாமற் போயிற்று!

அரண்மனை கலங்கியது. காவலரின் தலை தப்புமோ என்னும் நிலையில், அவை வானநூலானாகிய சாமோஸ் தீவினன் கோனன் முன்வந்து, வானத்தில் ஒரு மீன்திரளைச் சுட்டிக்காட்டி, கற்றை களவு போகவில்லை, தெய்வங்கள் அதனை விண்ணில் ஏற்றிவிட்டன என்றான். கோனன் கற்றுக்குட்டி அல்லன். ஆர்க்கிமிடீஸ் பெரிதும் மதித்த கணித வல்லுநன். ஆயினும் அரசவைச் சோறு உண்பவனுக்கு விண்மீனும் வளைந்து கொடுக்கும் போலும். உடனே, சைரீன் நகரிற் பிறந்த புலவன் கல்லிமாக்கஸ், அக்கூந்தலே பேசுவதாக ஒரு கவிதை இயற்றினான். இரு நூற்றாண்டின் பின் உரோமப் புலவன் கத்துல்லஸ் அதனை இலத்தீனில் ஆக்கினான். டைக்கோ பிராகியின் 1602ஆம் ஆண்டு அட்டவணையில் அது தனி மண்டலமாக இடம்பெற்றது.

அரசியும் அன்னையும்

கூந்தலால் மட்டும் அவளை அறிவது தவறு. அவள் குதிரை வளர்ப்பில் வல்லவள். கிரேக்க நாட்டு நெமியாத் தேர்ப்போட்டியில் அவளுடைய தேர் வென்றதைக் கல்லிமாக்கஸ் பாடினான். அப்பாடலின் பகுதிகள் 1970களில் வெளிவந்தன. அவை கிடைத்த இடம் யாது? எகிப்தியர் பிணத்தைப் பொதிந்து வைத்த அட்டையிலேதான்! கழிவென்று எறிந்த பழைய தாள்களை ஒட்டிச் செய்த அட்டையில் ஓர் அரசியின் வெற்றி ஒளிந்து கிடந்தது.

அவள் முகத்தைப் பொறித்து, ‘பெரனிக்கே அரசியினுடையது’ என்று எழுதிய பொற்காசுகள் அவள் வாழ்நாளிலேயே வழங்கின. நைல் பெருக்கெடுக்காமல் விளைவு பொய்த்த ஓராண்டில், அரசனும் அரசியும் வரியைத் தள்ளிக் கொடுத்து, சிரியா, பெனீசியா, சைப்ரஸ் முதலிய இடங்களிலிருந்து மிகுந்த விலைக்குத் தானியம் வாங்கி மக்களைக் காத்தனர் என்று கி.மு. 238, மார்ச் 7ஆம் நாள் எகிப்தியக் குருமார் கூடிப் பொறித்த கனோப்பஸ் சாசனம் சொல்கின்றது. நான்காண்டுக்கு ஒரு நாள் கூட்டி ஆண்டுக் கணக்கைச் செப்பனிட வேண்டும் என்று முதலில் கட்டளையிட்டதும் அச்சாசனமே. அன்று மக்கள் அதனைக் கைக்கொள்ளவில்லை. இரு நூற்றாண்டு கழித்து ஜூலியஸ் சீசர் கொணர்ந்த சீர்திருத்தத்தால் அது நிலைபெற்றது. பிப்ரவரி 29 என்று நாம் எழுதும்போதெல்லாம் அக்கருத்தின் பயனைத்தான் துய்க்கின்றோம்.

அதே சாசனத்தில் ஒரு துயரமும் உண்டு. குருமார் கூடியிருந்த நாட்களிலேயே அரசியின் சிறுமகள், பெரனிக்கே என்றே பெயர் கொண்ட குழந்தை, இறந்துபோயிற்று. அக்குழந்தைக்கு விழா எடுக்கவும், குருமாரின் மனைவியர்க்கு வழங்கும் அப்பத்தைப் ‘பெரனிக்கே அப்பம்’ என்று அழைக்கவும், குருமாரின் பெண்மக்களுக்குப் பிறந்த நாள் முதல் கோயில் வருவாயிலிருந்து உணவளிக்கவும் அவர்கள் தீர்மானித்தனர். ஓர் அரசகுமாரியின் மறைவால் எத்தனையோ ஏழைப் பெயரில்லாப் பெண்குழந்தைகளின் பசி தீர்ந்திருக்கும் என்று கொண்டால், அதுவே அவளுக்கு எடுத்த மெய்யான விழா.

மைந்தன் அரசேறினான்

கி.மு. 222 அளவில் மூன்றாம் தாலமி இறந்தான். மைந்தன் நான்காம் தாலமி பட்டத்துக்கு வந்தான். அமைச்சன் சோசிபியஸ் அவனை ஆட்டி வைத்தான். பெரனிக்கேக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து வயது. பட்டம் பெற்றவனின் தம்பியும் தன் தாய்த் தந்தையின் பெயர் தாங்கியவனுமான மாகஸ் மீது கூலிப்படையினர் பற்று மிகுந்திருந்தனர். சோசிபியஸ் கொலைகளைத் திட்டமிட்ட காலையில், பெரனிக்கேயின் துணிவை எண்ணியே பெரிதும் அஞ்சினான் என்று பொலிபியஸ் வரைகின்றான். இருபத்தைந்து ஆண்டின் முன் சைரீனில் ஒரு வாயிற்படியில் நின்ற அப்பெண்ணை அரண்மனை மறந்திருக்கவில்லை.

கி.மு. 221இல் மாகஸ் கொல்லப்பட்டான், அரசனின் சிற்றப்பன் லைசிமாக்கஸ் கொல்லப்பட்டான், பெரனிக்கேயும் கொல்லப்பட்டாள். விண்ணில் கூந்தல் ஒளிர்ந்து கொண்டிருக்க, மண்ணில் அக்கூந்தலுக்குரியாள் பெற்ற மகனின் ஆட்சியிலே மாண்டாள்.

எஞ்சியவள் அவள் மகள் அர்சினோயே. அவளை அண்ணனே மணந்துகொண்டான். கி.மு. 217இல் ராபியாப் போர்க்களத்தில், 73 யானைகளோடு எகிப்தியரும் 102 யானைகளோடு சிரியரும் எதிர்நின்ற நாளில், அர்சினோயே அணிவகுப்பின் முன் சென்று வீரர்க்கு ஊக்கம் உரைத்தாள், எகிப்து வென்றது. அரண்மனையிலோ கணவனின் ஆசைநாயகி அகதோக்கிளியாவும் அவள் தமையன் அகதோக்கிளீஸும் ஆட்சி செலுத்தினர். கி.மு. 204இல் நான்காம் தாலமி இறந்தபோது, சிறுவனான இளவரசனுக்குத் தாய் காவலாவாள் என்றஞ்சி, அர்சினோயேயையும் கொன்றனர். தாயைக் கொன்ற சூழ்ச்சியில் இருந்த அதே சோசிபியஸே மகளைக் கொன்ற சூழ்ச்சியிலும் இருந்தான். சின்னாளில் அலெக்சாந்திரிய மக்கள் கொதித்தெழுந்து அகதோக்கிளீஸையும் அவன் குடும்பத்தாரையும் கொன்று தீர்த்தனர். அர்சினோயேயோடு வளர்ந்த தோழியர், அவள் கொலையை முன்நின்று நடத்திய பிலம்மோனின் வீட்டில் புகுந்து அவனைக் கல்லாலும் தடியாலும் அடித்துக் கொன்றனர். அவன் மகனையும் மனைவியையுங்கூட விட்டார்களில்லை. கொடுமை கொடுமையையே ஈன்றது.

கல்லில் நின்ற பெயர்

இனிச் சொல்லப்போவதே நம் மனத்தை மிகவும் உறுத்துவது. பெரனிக்கே இறந்து பத்தாண்டு கழித்து, கி.மு. 211 அளவில், அவளுக்கு ஒரு குருத்துவப் பதவியை மகனே ஏற்படுத்தினான். ‘வெற்றிப் பரிசு ஏந்துபவள்’ என்பது அப்பதவியின் பெயர். ஆண்டுதோறும் ஒரு பெண் அதில் அமர்வாள். அவ்வாண்டில் எழுதும் பத்திரங்களின் தலைப்பில் அவள் பெயர் வரவேண்டும். நிலம் விற்பவனும் கடன் கொடுப்பவனும் எழுதிக்கொண்ட பத்திரங்களில் பெரனிக்கேயின் பெயர் ஏறிக்கொண்டே இருந்தது. உயிரோடிருக்க விடாத கைகளே அவள் பெயரை ஓயாது எழுதுவித்தன.

லண்டன் பொருட்காட்சிச் சாலையில் இருக்கும் ரொசெட்டாக் கல்லைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பர். எகிப்திய எழுத்தின் பூட்டைத் திறந்த திறவுகோல் அது. கி.மு. 196இல், பெரனிக்கேயின் பேரன் ஐந்தாம் தாலமியின் காலத்தில் பொறித்தது, 1799இல் கண்டெடுத்தது. அதன் தொடக்கத்தில் பாட்டி பெரனிக்கேயின் குருத்தியும், தாய் அர்சினோயேயின் குருத்தியும் பெயர் குறிக்கப்பட்டுள்ளனர். உலகம் முழுதும் வந்து பார்க்கும் அக்கல்லின் முன், அரண்மனையில் கொலையுண்ட இரு பெண்களின் பெயர் இருப்பதை எத்தனை பேர் அறிவர்?

வாசக நேயர்காள்! பெரனிக்கேக்கு இல்லாத சிறப்பு யாது? கூந்தலுக்கு விண்மீன், குதிரைக்குக் கவிதை, முகத்துக்குப் பொற்காசு, பெயருக்குக் குருத்துவம். இல்லாதது ஒன்றே: தன் உயிருக்குக் காப்பு. கணவன் இருந்தவரை அரசி. அவன் இறந்தபின் ஓர் இடையூறு. அவளுக்கு அளிக்கப்பட்டவை எல்லாம் பெருமைகள். உரிமை என்று சொல்லத்தக்கது அவற்றுள் ஒன்றுமில்லை. பெருமையைக் கொடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம். உரிமையை அவ்வாறு எடுக்க இயலாது. பெண்ணைத் தெய்வம் என்று பாடும் எந்த நாட்டினரும், எந்த வீட்டினரும், இவ்வேற்றுமையைத் தம்முள் ஒருகால் எண்ணிப் பார்ப்பது நன்று.

அக்கற்றை ஏறத்தாழ 280 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்றிரவு நம் கண்ணில் படும் அதன் ஒளி, நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறவாமுன்னரே புறப்பட்டது. அடுத்த முறை வானம் தெளிந்த இரவில் குழந்தைகளை முற்றத்திற்கு அழைத்து அதனைக் காட்டுங்கால், கூந்தலின் கதையோடு நிறுத்திவிட வேண்டா. அக்கூந்தலுக்குரியாள் மாகஸ் மன்னனின் மகள், அபாமாவின் மகள் என்பதையும் சேர்த்துச் சொல்லுவோமாக. ஏட்டில் அழித்த பெயரை நாவிலேனும் எழுதுவோம்.